எஸ்.எம். 58: டாரஸ் லாரிகளுக்கு நடுவே ஒரு வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு

எங்கள் வீடு தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரமாக, ஒரு ஏற்றத்தில் இருக்கிறது. இந்த ஏற்றம்தான் பிரச்சினை. சமதளமாக இருந்தால் லாரி வந்த வேகத்தில் போய்விடும். ஏற்றத்தில் கியரை மாற்றி, முக்கி முனகி, முன்னால் போகிற ஆட்டோவுக்கு ஒரு ஏர் ஹாரனும் அடித்துவிட்டுத்தான் போகும். கேரளாவுக்குக் கல்லும் மணலும் கொண்டுபோகிற டாரஸ் லாரிகளைப் பற்றி கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது போதாதென்று வலப்பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. காலை ஒன்பதரைக்கு கட்டிங் வீல் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் விசேஷம் என்றாலும், எந்த ஆலயத்தில் திருவிழா என்றாலும், குழாய் ஸ்பீக்கர் ஒன்றாவது எங்கள் மாடியைப் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள்.

இந்த வீட்டில் உட்கார்ந்து வில்லுப்பாட்டு ரெக்கார்டு பண்ணுகிறேன். வாங்கி ஒன்றரை வருடமான ஷூர் எஸ்.எம். 58 மைக்கைப் பற்றித்தான் இந்த விமர்சனம். நான் சவுண்டு என்ஜினியர் இல்லை. பகலில் வண்டி உதிரிப்பாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன், கோயில் கொடைத் திருவிழா சீசனில் பெரியப்பாவின் வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கை அடிக்கிறேன். பெரியப்பாவுக்கு எழுபத்தொன்று ஆகிறது. அவர் பாடுகிற கதைகளில் பாதி ஏட்டிலும் இல்லை, நோட்டிலும் இல்லை, அவர் தொண்டையில் மட்டும் இருக்கிறது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

முதலில் பண்ணிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். பிராண்டு வேண்டாம், அதன் மேல் குற்றமும் இல்லை. அமைதியான அறைக்காகச் செய்த பொருளை நான் ரோட்டில் கொண்டுவந்து வைத்தேன். முதல் நாள் பெரியப்பா காப்பு பாடி முடித்ததும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அவர் குரல் இருந்தது. அதோடு லாரி இருந்தது, பட்டறை இருந்தது, அடுக்களையில் மனைவி தேங்காய் துருவுகிற சத்தம் இருந்தது, தெருமுனையில் மீன்காரர் கூவுவதுகூட இருந்தது. என்ன மீன் என்று புரிகிற அளவுக்குத் தெளிவு. பெரியப்பா ஹெட்போனை வாங்கி ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எடே மக்கா, நான் பாடணுமா, அந்த லாரிக்காரன் பாடணுமா?”

அப்புறம் மச்சான் ஒரு பேக்கரியிலிருந்து முட்டை அட்டை அள்ளிக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒட்டினோம். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். வெளியே இருந்து வருகிற சத்தத்தை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இடைவெளி இல்லாத அடைப்பு வேண்டும். முட்டை அட்டைக்கு எடை எங்கே இருக்கிறது? விலை கொடுத்து வாங்குகிற கறுப்பு ஃபோமுக்கும் இதே கதைதான். அது அறைக்குள் பிறந்த சத்தத்தை உறிஞ்சும், ரோட்டைத் தடுக்காது. மூன்று மாதத்தில் அட்டைகளுக்குப் பின்னால் பல்லி குடும்பம் நடத்த ஆரம்பித்ததும் பிய்த்து எறிந்தோம்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் ஆம்னி வேனைக் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடிப் பார்த்ததும் உண்டு. வண்டிக்குள் குரல் நன்றாகவே வரும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பதினோரு மணிக்கு சீவிடு பூச்சி கத்தத் தொடங்கியது பாருங்கள், லாரியே தேவலை. லாரி போய்விடும், சீவிடு போகாது. ஆம்னிக்குள் உட்கார்ந்து உடுக்கை அடிப்பது எப்படி இருக்கும் என்பதையும் நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சரி, மைக்குக்கு வருகிறேன்.

எஸ்.எம். 58 புதிதில்லை. 1966இல் வந்தது. அதன் அண்ணன் 57 அதற்கு ஒரு வருடம் முன்னால், 1965இல். எஸ்.எம். என்றால் ஸ்டுடியோ மைக்ரோஃபோன். நம் ஊரில் இதை ஸ்டேஜ் மைக் என்றுதான் சொல்வோம். கொடையில் நீங்கள் பார்த்திருக்கும் உருண்டைத் தலை மைக்குகளில் பாதிக்கு மேல் இதன் நகலாகத்தான் இருக்கும். அதனால் வாங்கும்போது பயந்தேன். சவுண்டு சர்வீஸ் வைத்திருந்து வெளிநாடு போகிற ஒருவரிடம் ஐயாயிரத்து ஐந்நூறுக்குப் பழசாகக் கிடைத்தது. புதுசு அன்றைக்கு ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அசலின் எடை 298 கிராம் என்று கம்பெனி விவரத்தில் போட்டிருக்கிறது. நேராகப் பலசரக்குக் கடைக்குப் போய் மைக்கைத் தராசில் வைத்தேன். முந்நூறு காட்டியது. கடைக்காரர் “அண்ணாச்சி, கிலோ என்ன விலை?” என்றார். எடை சரியாக இருந்தால் அசல்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் நான் முன்பு பார்த்த ஒரு போலி கையில் எடுத்ததுமே பிளாஸ்டிக் விசிறி மாதிரி இருந்தது, தராசுக்கே வேலையில்லை.

இது டைனமிக் மைக். ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாக மைக்குக்குக் கொடுக்கிற கரண்டு, வேண்டாம். கண்டென்சரோடு ஒப்பிட்டால் செவிடு என்றே சொல்லலாம். அந்தச் செவிட்டுத்தனத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பலரும் நினைக்கிற மாதிரி இந்த மைக் சத்தத்தைப் பிரித்துப் பார்த்து ஒதுக்குவதில்லை. வாயைக் கிட்டே கொண்டுபோனாலும் தாங்கும், நன்றாகவும் இருக்கும். விஷயமே அதுதான். ஒரு அடி தூரத்திலிருந்து அரை அடிக்கு வந்தால் குரல் 6 டெசிபல் கூடும். அரை அடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் இன்னொரு 6. லாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக, ஒரு பைசா செலவில்லாமல் லாரிக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் 12 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. கண்டென்சரிலும் கிட்டே போகலாம்தான். ஆனால் என்னுடையதில் மூன்று அங்குலத்தில் பெரியப்பா வாய் திறந்தால் “ப” வருகிற இடமெல்லாம் குண்டு வெடித்தது. பேச்சியம்மன் கதையில் எத்தனை “ப” என்று எண்ணிப் பாருங்கள். 58இன் உருண்டைக்குள் ஃபோம் இருக்கிறது. அதோடு மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அந்த வெடிப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

கிட்டே போனால் அடிக்குரல் கனக்கும். ஒரு பக்கமாகக் கேட்கிற மைக் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது. பெரியப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று, நாற்பது வயதில் பாடின மாதிரி இருக்கிறதாம். நான் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஃபில்டர் போட்டு வெட்டிவிடுகிறேன். வெட்டினால் கனம் சமனாகும், டாரஸின் உறுமலில் பெரும்பகுதியும் கூடவே போய்விடும். ஹாரன் போகாது. அது குரல் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

இனி நான் ரொம்ப நாள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்த ஒன்று. 58 கார்டியாய்டு வகை. முன்னால் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். நான் என்ன செய்தேன்? ரோட்டுப் பக்கத்து ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பெரியப்பாவை உட்கார வைத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம், சத்தத்துக்கு முதுகைக் காட்டத்தானே தோன்றும். ஆனால் பாடுகிறவர் ரோட்டுக்கு முதுகு காட்டினால் அவரைப் பார்க்கிற மைக் ரோட்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. பாடுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், மைக் ரோட்டுக்கு முதுகு காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் பெரியப்பாவுக்குக் கோபம். “சாமியைப் பாத்துப் பாடுக ஆளை ரோட்டைப் பாத்துப் பாடச் சொல்லுகியே லேய்.” கடைசியில் ஜன்னலுக்கு மேலே முத்தாரம்மன் படத்தை மாட்டினேன். பிரச்சினை தீர்ந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை ஒட்டி இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். அறைக்குள் நுழைந்துவிட்ட ரோட்டுச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி மைக்கின் முகத்துக்கு வருவது அதனால் கொஞ்சம் அடங்குகிறது. சின்ன அறையில் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும்தான் வரும், அதனால் இது அதிசயம் எதுவும் செய்யாது. ஆனாலும் உட்காருகிற திசையை மாற்றிய நாளும் மாற்றாத நாளும் பதிவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வேறுபடுகிறது.

போனில் ஒரு டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தேன். ஜன்னலை மூடினாலும் சும்மா இருக்கும்போது 58 டெசிபல், டாரஸ் ஏறும்போது 70ஐத் தொடுகிறது. போன் ஆப்பை முழுசாக நம்ப முடியாதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. அந்த 45ஐ எங்கள் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. டாரஸுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது.

குறை என்றால் முதலாவது, இதன் சிக்னல் சன்னம். மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில் கெயினை, அதாவது சிக்னலைக் கூட்டுகிற திருகை, நன்றாகத் திருக வேண்டியிருக்கும். என்னுடையது விலை குறைந்த இன்டர்ஃபேஸ், முக்கால் திருகுக்கு மேலே போனால் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வரும். வில்லுப்பாட்டுக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை, அவர் குரலுக்குப் பாதித் திருகலே தாராளம். மெல்லப் பாடுகிறவர், தாலாட்டுப் பாடுகிறவர் என்றால் கெயின் அதிகம் தருகிற இன்டர்ஃபேஸாகப் பாருங்கள். இல்லையென்றால் ஃபெட்ஹெட் மாதிரி நடுவில் செருகுகிற சின்ன பூஸ்டர் இருக்கிறது, அது 27 டெசிபல் ஏற்றிக் கொடுக்கும். அதற்கு ஃபாண்டம் பவர் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிசு. மேல்ஸ்தாயி ஒலிகள் மங்கல். கம்பெனி கணக்கே 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான். குரலுக்குப் போதும், பேச்சு தெளிவாக வெட்டிக்கொண்டு வரும். ஆனால் வில்லில் கட்டியிருக்கிற மணிகள் இருக்கின்றனவே, வில்லை அடிக்கிற வீசுகோல் விழும்போது சிதறுமே அந்தச் சிலுசிலுப்பு, அது 58இல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஜால்ராவும் அப்படித்தான். உடுக்கைக்குப் பிரமாதம். தலையில் இருக்கும் உருண்டையைக் கழற்றிவிட்டு உடுக்கையின் தோலுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்தால் அடி நறுக்கென்று விழுகிறது. கழற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 57தான். ஆனால் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மெல்லிய பகுதிக்குக் காவல் போய்விடுகிறது. குடம் நன்றாக வரும். மட்டை விழுகிற இடத்தைப் பார்த்து மைக்கை வைத்தால் “தப்” என்பது முன்னாலும், குடத்தின் “ஓம்” பின்னாலுமாக வருகிறது.

உடுக்கை, குடம், வில் எல்லாம் தாங்களே லாரியை மிஞ்சுகிற சத்தம். அவை ஒலிக்கும்போது ரோடு அடியில் புதைந்துவிடுகிறது. மாட்டிக்கொள்கிற இடம் விருத்தம். தாளம் இல்லை, வாத்தியம் இல்லை, பெரியப்பா ஒரு சொல்லை இழுத்து நிறுத்தி மூச்சு வாங்குவார். அந்த மூச்சுக்குள் ஒரு பஸ் போகும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று ஆர்மோனியம். விருத்தத்துக்கு அடியில் சுருதியை மெல்லப் பிடித்து வேறாகப் பதிந்து வைத்துவிடுவேன், இடைவெளி வெறுமையாக இருக்காது. இன்னொன்று அண்ணன் மகன். பிளஸ் ஒன் படிக்கிறான். மொட்டை மாடியில் டார்ச்சோடு நிற்பான், இரண்டு பக்கமும் ரோடு காலியாக இருந்தால் ஜன்னல் கம்பியில் வெளிச்சம் அடிப்பான், நாங்கள் நாலு வரி பாடுவோம். போனில் கூப்பிடச் சொல்லலாமே என்பீர்கள். போன் பக்கத்தில் இருந்தால் கேபிளில் டிக் டிக் என்று விழுகிறது, அதனால் டார்ச். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் கூலி, இப்போது முப்பது கேட்கிறான்.

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், அதன் பிறகு சின்ன லைசென்ஸ் 60 டாலர். சத்தம் நீக்குகிற வேலையில் ரொம்ப இறங்காதீர்கள். விசிறி மாதிரி ஒரே சீராக இருக்கிற இரைச்சலை ரீப்பருக்குள்ளேயே இருக்கிற ரியாஃபிர் என்ற கருவி ஓரளவு கழித்துக் கொடுக்கும். வந்து போகிற லாரியை அதனால் பிடிக்க முடியாது. அதிகம் அழுத்தினால் பாடுகிறவர் கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு பாடுகிற மாதிரி ஆகிவிடும். லேப்டாப் விசிறிக்கு வேறு வைத்தியம். இருபது அடி எக்ஸ்.எல்.ஆர். மைக் கேபிள் வாங்கி லேப்டாப்பை அடுக்களை மேசைக்குத் துரத்திவிட்டேன். அந்த நீளத்துக்கெல்லாம் சிக்னல் கெடாது.

நல்ல பதிவுகள் எல்லாம் எப்போது எடுத்தேன் என்று திரும்பிப் பார்த்தால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாட்களில்தான். பேப்பரில் முந்தின நாளே போட்டுவிடுவார்கள். கரண்டு இல்லையென்றால் பட்டறை இல்லை, குழாய் ஸ்பீக்கர் இல்லை, அக்கம்பக்கத்தில் மிக்சி இல்லை, டிவி இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடும், இன்டர்ஃபேஸ் யு.எஸ்.பி. வழியாக அதிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்ளும். சார்ஜர் செருகியிருந்தால் எங்கள் வீட்டு எர்த்தில் வருகிற ஹம் கூடக் கிடையாது. லாரி மட்டும்தான் எதிரி, அதற்கு டார்ச் இருக்கிறது. அந்த நாட்களில் பழைய கண்டென்சரையும் வெளியே எடுக்கிறேன். வில்மணியையும் ஜால்ராவையும் அதில் பதிந்துகொள்வேன். 58 தராத சிலுசிலுப்பு அதில் முழுசாக வருகிறது. நாலாயிரத்து இருநூறு முழுசாக வீண் போகவில்லை. ஃபேன் இல்லாமல் மே மாதத்தில் மூன்று பாட்டுக்கு மேல் யாராலும் தாங்க முடியாது என்பது வேறு விஷயம். மழைக்காலத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறித் தகர ஷீட்டில் கொட்டும்போது மைக்கை உறையிலிருந்து எடுப்பதே இல்லை.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. பெரியப்பா வெற்றிலை போடுகிறவர். மூன்று அங்குலத்தில் பாடினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நாலு மாதத்தில் உருண்டைக்குள் சிவப்புப் புள்ளிகள், பக்கத்தில் போனால் வாசம். உருண்டையைத் திருகிக் கழற்றி, ஃபோமைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு முழு நாள் நிழலில் காயவைத்து மாட்டினேன். ஈரத்தோடு மாட்டக் கூடாது. ஒருமுறை வீசுகோலின் நுனி பட்டு ஸ்டாண்டோடு தரையில் விழுந்தது. உருண்டையில் ஒரு பள்ளம், உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பள்ளத்தைப் பேனாவின் பின்பக்கத்தால் உள்ளிருந்து தள்ளிப் பார்த்தேன், பாதிதான் சரியானது.

அமைதியான வீடு இருக்கிறவர்கள், கிட்டார், வயலின் மாதிரி நுணுக்கமான வாத்தியம் பதிகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், அந்தக் காசில் வேறு பாருங்கள். ரோட்டோரத்தில் இருந்துகொண்டு தொண்டை திறந்து பாடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பழசாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. தராசை மறக்காதீர்கள்.

இதுவரை இரண்டு கதை முடிந்திருக்கிறது, மூன்றாவதில் பாதி. வருகிற செவ்வாய்க்கிழமை மின்தடை என்று பேப்பரில் வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்து பேக்கரிக்காரர் போன மாதம் ஜெனரேட்டர் வாங்கிவிட்டார். இன்று சாயங்காலம் அவரிடம் போய், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் அதை ஓட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன், பெரியப்பா கேட்டால் பேக்கரிக்காரர் மறுக்கமாட்டார்.